முதலில் குழாயைத் தேடுங்கள்: என்பு, மச்சை, நாடி, நாளம்

பேராதனைக்கு மருத்துவம் படிக்கப் போனாலும் சரி, கால்நடை மருத்துவம் அல்லது ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கப் போனாலும் சரி, இழையவியல் (உடல் இழையங்களை நுணுக்குக்காட்டியில் படிக்கும் துறை) ஸ்லைட் பெட்டியிலிருந்து தப்ப முடியாது. ஹட்டனிலும் பதுளையிலும் உயர்தர உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை அந்தப் பெட்டியில் அதிகம் குழப்புபவை மூன்று: என்பு (எலும்பு), என்பு மச்சை (எலும்பு மஜ்ஜை), இரத்தக் குழாய். பாடத்திட்டம் இவற்றை மூன்று அத்தியாயங்களாக வெட்டி வைத்திருக்கிறது. உடம்பில் அப்படி ஒரு வெட்டு கிடையாது. குழாய் நுழையாத இடத்தில் கசியிழையம் (குருத்தெலும்பு) என்பாக மாறாது. என்பு அரண் இல்லாமல் மனிதனில் மச்சை தங்காது. மச்சையில் உருவாகும் கலம் (செல்) குழாய்ச் சுவரைத் தாண்டினால்தான் அது இரத்தம்.

ஆகவே இந்த மூன்றில் எந்த ஸ்லைட்டை வைத்தாலும், நுணுக்குக்காட்டியில் முதலில் தேடவேண்டியது இரத்தக் குழாயைத்தான். அது கிடைத்துவிட்டால் மற்றக் கலங்கள் எங்கே, ஏன் இருக்கின்றன என்பது தானாக விளங்கும். பெயர்ப்பட்டியலைப் பாடமாக்குவதில் பாதி மிச்சமாகும்.

என்பிலிருந்தே தொடங்கலாம். அடர்த்தியான என்பின் குறுக்குவெட்டில் வட்ட வட்டமாகத் தெரிவது ஒஸ்டியோன். ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 200 முதல் 300 மைக்ரோமீட்டர். நடுவில் இருக்கும் துளை ஹேவர்சியன் கால்வாய். குளொப்டன் ஹேவர்ஸ் 1691இல் விவரித்ததால் அவர் பெயர் நிலைத்தது. அந்தத் துளைக்குள் ஒன்றிரண்டு சிறு குழாய்களும் நரம்பிழையும் ஓடுகின்றன. அதைச் சுற்றி 3 முதல் 7 மைக்ரோமீட்டர் தடிப்பில் மென்தட்டுகள். ஒரு தட்டிலுள்ள கொலாஜன் நார்கள் ஒரு திசையில் சாய்ந்தால், அடுத்த தட்டில் வேறு திசையில் சாயும். தட்டுகளுக்கு இடையே உள்ள சிறு குழிகளில் என்புக் குழியங்கள் (முதிர்ந்த என்புக் கலங்கள்) தனித்தனியே அடைபட்டிருக்கும்.

ஒஸ்டியோன் ஏன் இதைவிடப் பெரிதாவதில்லை? கல்சியம் பொசுபேற்றுப் படிந்த தாயத்தினூடாக (கலங்களுக்கு இடையிலுள்ள பொருளினூடாக) ஒட்சிசனும் குளுக்கோசும் பரவிச் செல்ல முடியாது. குழிகளை இணைக்கும் நுண்கால்வாய்களினூடாக ஒரு குழியம் அடுத்த குழியத்தின் நீட்டத்தைத் தொட்டுக்கொண்டு, லயத்துப் பீலியிலிருந்து குடத்தைக் கைமாற்றுவதுபோல, உள்ளிருந்து வெளியே அனுப்பவேண்டும். அந்தக் கைமாற்று ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் போதாது. வளையத்தின் அளவைத் தீர்மானிப்பது நடுவிலுள்ள குழாய்தான். இதைப் புரிந்துகொண்டவர் கால்வாயைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்று பார்த்தே வோல்க்மன் கால்வாயைப் பிரித்துவிடுவார். அது குறுக்காக ஓடி, மென்தட்டுகளைத் துளைத்துக்கொண்டு போகும். அதைச் சுற்றி வட்டத் தட்டுகள் இருக்காது.

நுண்கால்வாய்களைத் தெளிவாகப் பார்க்கவேண்டுமானால் அரைத்தெடுத்த வெட்டுத்தான் வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். நன்றாக வேகவைத்துக் கொழுப்பு நீக்கி உலர்த்திய நீண்ட என்பை இரும்பறுக்கும் வாளால் 1 மில்லிமீட்டர் தடிப்பில் குறுக்காக அறுங்கள். கண்ணாடித் தட்டின்மேல் நீர்படக்கூடிய எமரித்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, 220, 400, 800, 1200 என்ற வரிசையில் தேயுங்கள். விரலுக்கும் என்புக்கும் இடையில் தட்டையான தக்கை ஒன்றை வைத்தால் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடிப்பாக நிற்காது. 50 மைக்ரோமீட்டர் அளவுக்கு வந்ததும் கீழே வைத்த அச்செழுத்தை வாசிக்க முடியும். அங்கே நிறுத்துங்கள்.

அடுத்த படியில்தான் அதிகம் கெடுகிறது. குழிகளும் நுண்கால்வாய்களும் கறுப்பாகத் தெரிவது அவற்றுக்குள் சிக்கிய காற்றினால். வெட்டு ஈரமாக இருந்தாலும், ஒட்டும் பசை நீர்த்ததாக இருந்தாலும், காற்று வெளியேறி எல்லாம் ஒளிபுகும் வெறும் மஞ்சள் தட்டாகிவிடும். நுவரெலியாவில் யூலை மாதம் வெளியில் வைத்து உலர்த்தினால் வெட்டு உலரவே உலராது. மின்குமிழின் கீழ் ஓர் இரவு வைத்துவிட்டு, சூடாக்கி இறுக்கிய கனடா பால்சத்தில் விரைவாகப் பொருத்துங்கள். சைலீனில் கரைத்த பசையைத் தவிருங்கள்.

என்பைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. இறைச்சிக் கடையில் கிடைக்கும் இளம் மாட்டின் தொடை என்பில் வட்ட ஒஸ்டியோன்கள் அதிகம் இருக்காது. வேகமாக வளரும் பெரிய விலங்குகளின் என்பு செங்கல் அடுக்கியதுபோன்ற நீள் அடுக்குகளாகவே முதலில் உருவாகிறது. பாடப்புத்தகப் படத்தைத் தேடி அங்கே ஏமாறுகிறவர்கள் அநேகர். வயதான விலங்கின் என்பை எடுங்கள்.

கலங்களைப் பார்க்க அரைத்த வெட்டு உதவாது. அதற்குக் கல்சியத்தை அகற்றிய வெட்டு வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேல் துண்டு போகக்கூடாது. 10 சதவீத நடுநிலைப் போர்மலினில், துண்டின் 20 மடங்கு கனவளவில், 24 முதல் 48 மணி நேரம் பதப்படுத்துங்கள். குளிரான அறையில் 48 மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதம் சரியாக ஏறாத இழையத்தை அமிலம் வெந்தது போலாக்கிவிடும்.

பின்னர் அமிலம். 10 சதவீதப் போர்மிக் அமிலம் வேகத்துக்கும் தரத்துக்கும் நடுவழி. 10 மில்லிலீற்றர் அமிலத்தை 90 மில்லிலீற்றர் நீரில் சேர்த்தால் போதும். நைத்திரிக் அமிலம் 5 சதவீதத்தில் ஒரு நாளிலேயே முடித்துத் தரும், ஆனால் கலங்களின் கருக்களின் சாயமேற்கும் தன்மையைத் தின்றுவிடும். ஈ.டி.ரி.ஏ. (கல்சியத்தைப் பற்றியெடுக்கும் இரசாயனம்) 10 முதல் 14 சதவீதத்தில், பீ.எச். 7க்கு அருகில், வாரக்கணக்கில் எடுக்கும், எதையும் கெடுக்காது. துண்டைப் பாத்திரத்தின் அடியில் கிடக்க விடாமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கரைந்த கல்சியம் அடியில் தங்குவதால் கிடக்கும் துண்டின் கீழ்ப்பக்கம் கரையாமலே இருக்கும். திரவத்தைத் தினமும் மாற்றவேண்டும். குளிரில் வேகம் குறைகிறதே என்று சூடேற்றுவது கூடாது. சூடான அமிலத்தில் கொலாஜன் வீங்கும், கருக்கள் கரையும்.

முடிந்துவிட்டதா என்று ஊசியால் குத்திப் பார்ப்பது கெட்ட பழக்கம். குத்திய தடம் வெட்டில் துளையாகத் தெரியும், கலங்கள் நசுங்கும். சரியான வழி இரசாயனச் சோதனை. பாவித்த திரவத்தில் 5 மில்லிலீற்றர் எடுத்து, பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) நடுநிலை காட்டும்வரை அமோனியா சொட்டுங்கள். நிறைவுற்ற அமோனியம் ஒக்சலேற்று 5 மில்லிலீற்றர் சேர்த்து அரை மணி நேரம் விடுங்கள். கலங்கினால் இன்னும் கல்சியம் வெளியேறுகிறது, திரவத்தை மாற்றுங்கள். தெளிவாகவே இருந்தால் துண்டை எடுத்துவிடுங்கள். அதற்குமேல் ஒரு நாள் கிடந்தாலும் நட்டம்தான்.

கெட்ட வெட்டைப் பார்த்தே எது தவறியது என்று சொல்லிவிடலாம். கத்தி பல்லுப்பட்டு, வெட்டில் நேர்கோட்டுக் கீறல்கள் இருந்தால் கல்சியம் மிச்சம். எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகி, கருக்கள் நீலம் பிடிக்காமல் பேய்போல நின்றால் அமிலத்தில் அதிகம் கிடந்துவிட்டது. கருக்கள் நீலமாகாமல் செவ்வூதாவாகவே நின்றால் என்பைக் குறைசொல்ல வேண்டாம், குழாய்நீரைப் பாருங்கள். கருவுக்கு நிறமூட்டும் சாயமான ஹீமடொக்சிலினை நீலமாக்கச் சற்றுக் காரமான நீர் தேவை. வடமத்திய மாகாணத்தின் கடின நீர் அதைத் தானே செய்துவிடும். மலையகத்து ஓடை நீரும் ஊற்று நீரும் மென்மையானவை, கனியுப்புக் குறைந்தவை. 1 லீற்றர் நீரில் 3.5 கிராம் சோடியம் இருகாபனேற்றும் 20 கிராம் மக்னீசியம் சல்பேற்றும் கரைத்து வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் நீலம் ஏறும். மலையில் உள்ள எந்த இழையவியல் மேசையிலும் இந்தப் போத்தல் இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்போது நீண்ட என்பின் வளர்ச்சித் தட்டுக்கு, அதாவது என்பு நீளமாக வளரும் கசியிழையப் பகுதிக்கு, வாருங்கள். ஓய்வுக் கசியிழையம், பெருகும் வலயம், பருத்த வலயம், கல்சியமேறிய வலயம், என்பாகும் வலயம் என்று மேலிருந்து கீழாக எல்லோரும் ஒப்புவிப்பார்கள். நான் கீழிருந்து மேலே பார்க்கச் சொல்வேன். மச்சைப் பக்கத்திலிருந்து மயிர்க்குழாய்கள் மேல்நோக்கி ஏறும் முனையைத் தேடுங்கள். பருத்த கசியிழையக் கலங்கள் குழாய் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து அவற்றை வரவழைக்கின்றன. குழாய் நுழையும் வரிசையிலேயே கசியிழையம் உடைகிறது. குழாயோடு வந்த முன்னோடிக் கலங்கள் என்பரும்பர்களாகி (என்பைக் கட்டும் கலங்களாகி), எஞ்சிய கசியிழையத் தண்டின்மேல் என்பைப் பூசுகின்றன. ஹீமடொக்சிலின்–இயோசின் சாயத்தில் நடுவில் ஊதாநிறத் தண்டும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பூச்சும், பூச்சின் ஓரத்தில் வரிசையாக நீலமேறிய கனசதுர வடிவக் கலங்களும் தெரிந்தால் அதுதான் இடம். தேர்வில் இந்த மூன்று நிறங்களையும் ஒரே பார்வையில் காட்டத் தெரிந்தவருக்கு வேறு கேள்வி தேவையில்லை.

என்பைத் தின்னும் கலம் என்பின் பிள்ளையே அல்ல. ஒஸ்டியோகிளாஸ்ட் மச்சையில் பிறக்கும் ஒற்றைக்குழிய (மொனோசைற்) வம்சத்தைச் சேர்ந்தது. முன்னோடிக் கலங்கள் பல இணைந்து ஒன்றாகின்றன. இணையும்படி கட்டளையிடுபவை என்பரும்பர்களும் என்புக் குழியங்களும். இணைந்தது என்புப் பரப்பில் ஒட்டி, ஓரத்தை முத்திரையிட்டு, உள்ளே அமிலத்தையும் கதெப்சின் கே என்ற நொதியத்தையும் கொட்டுகிறது. அமிலம் கனியத்தைக் கரைக்க, நொதியம் கொலாஜனை வெட்ட, கீழே ஒரு பள்ளம் விழுகிறது. பழைய அடர்த்தி என்பைப் புதுப்பிக்கும்போதும் இதே ஒழுங்கு: முன்னால் ஒஸ்டியோகிளாஸ்ட் கூட்டம் சுரங்கம் தோண்ட, பின்னால் குழாய் ஏற, அதன் பின்னால் என்பரும்பர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் வீதம் உள்நோக்கிப் பூசிக்கொண்டு வருகின்றன. பழைய வளையத்தின் துண்டுகள் இடையிடையே மிஞ்சுகின்றன. புதிய வளையத்தின் எல்லையில் ஒரு சீமெந்துக் கோடு விழுகிறது.

மச்சை ஸ்லைட்டில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஒஸ்டியோகிளாஸ்டையும் குருதிச் சிறுதட்டுகளைத் தரும் மெகாகரியோசைற்றையும் மாற்றிச் சொல்லிவிடுவது. இரண்டும் இராட்சதக் கலங்கள், இரண்டும் 50 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடியவை, ஒரே பார்வைப் புலத்தில் அருகருகே நிற்கக்கூடியவை. நுண்குவியத்தைத் திருப்பிக் கருவை மட்டும் பாருங்கள். ஒஸ்டியோகிளாஸ்டில் தனித்தனி முட்டைவடிவக் கருக்கள் பல, ஒவ்வொன்றுக்கும் சுற்றெல்லை தெளிவு, பெரும்பாலும் நடுவில் ஒரு கருவன் (கருவினுள் இருக்கும் சிறு புள்ளி). மெகாகரியோசைற்றில் ஒரே கரு, அதுவே பல மடிப்புகளாகப் பிதுங்கி நிற்கும். மடிப்புகளுக்கு இடையிலான பாலத்தைக் குவியம் மாற்றிப் பிடித்துவிடலாம். டீ.என்.ஏ. இரட்டித்துக்கொண்டே போய்க் கலம் பிரியாததால், சாதாரண அளவைவிட 32 மடங்கு வரை, சிலவற்றில் அதற்கும் மேல், கருவில் குவிகிறது. இடமும் சாட்சி சொல்லும். ஒஸ்டியோகிளாஸ்ட் என்புச் சலாகையின் (கம்பிபோன்ற என்புத் துண்டின்) ஓரத்தில் ஒட்டியிருக்கும். மெகாகரியோசைற் குடாவுருக் குழாயின் (மச்சையிலுள்ள மெல்லிய சுவர்க் குழாயின்) சுவரோடு ஒட்டியிருக்கும். காரணம் உண்டு. அது தன் குழியவுருவை நீண்ட இழைகளாகக் குழாய்க்குள் நீட்டுகிறது, இரத்த ஓட்டம் அவற்றை அறுத்துக் குருதிச் சிறுதட்டுகளாக்குகிறது. ஒரு கலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரோமீட்டர், வாழ்நாள் 7 முதல் 10 நாள்.

மச்சையின் குடாவுருக் குழாய்தான் இந்தத் தொழிற்பகுதியின் வாசல். அகவணி (குழாயின் உட்பக்கக் கலப்படை) மிக மெல்லியது, அடித்தள மென்சவ்வு இடையிடையே அறுந்தது. முதிர்ந்த கலம் இரு அகவணிக் கலங்களின் பொருத்தினூடாக நுழைவதைவிட, ஒரு கலத்தையே ஊடறுத்து அந்நேரத்துக்கு மட்டும் திறக்கும் துளையினூடாகத்தான் நழுவுகிறது. கருவுள்ள செங்குழிய முன்னோடி இந்த வாசலைத் தாண்டக்கூடாது. ஆகவே கருவை வெளியே தள்ளவேண்டும். தள்ளிய கருவை விழுங்குவது நடுவில் அமர்ந்திருக்கும் பெருந்தின்குழியம். அதைச் சுற்றி வெவ்வேறு பருவச் செங்குழிய முன்னோடிகள் கொத்தாக நிற்கும். வட்டமான, அடர்நீலக் கருக்களின் நெருக்கமான கொத்து கண்ணில் பட்டால் அதுதான். வெண்குழிய முன்னோடிகள் இப்படிக் கொத்தாவதில்லை. அவற்றின் இளம் பருவங்கள் என்புப் பரப்புக்கும் நுண்நாடிக்கும் அருகே தங்கி, முதிர முதிர நடுப்பகுதிக்கு நகர்கின்றன.

செங்குழிய வரிசையில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நடக்கின்றன: கலம் சிறுக்கிறது, கரு சுருங்கி இறுகுகிறது, குழியவுரு நீலத்திலிருந்து சாம்பலாகிச் சிவக்கிறது. நீலம் புரதம் தயாரிக்கும் ஆர்.என்.ஏ.யின் நிறம், சிவப்பு ஈமோகுளோபினின் நிறம். ஆரம்பக் கலம் 20 மைக்ரோமீட்டருக்கு அண்மித்தது, கடைசியில் வெளியேறுவது 7.5. மச்சையில் இது ஏறக்குறைய ஒரு வாரம். வெளியேறும் வலையுருக்குழியம் இன்னும் ஒரு நாள் கழித்தே முழுச் செங்குழியமாகும். பின்னர் 120 நாள் ஓட்டம். முழு உடம்புக்கும் நாளாந்தத் தயாரிப்பு ஏறத்தாழ 20,000 கோடி.

செங்குழியம் மச்சையில்தான் உருவாகிறது என்பதை 1868இல் ஏர்ன்ஸ்ட் நொய்மனும் பிட்சொசெரோவும் தனித்தனியே காட்டினர். முளையத்தில் கதை வேறு. 3ஆம் வாரத்தில் கருவூண் பையில் இரத்தத் தீவுகள். அங்கே வெளிக்கலங்கள் அகவணியாக, உட்கலங்கள் இரத்தமாக. நிலையான தண்டுக்கலமோ பெருநாடியின் அடிப்பக்க அகவணியிலிருந்தே முளைத்து உதிர்கிறது. பின்னர் ஈரல், மண்ணீரல், 4ஆம் 5ஆம் மாதங்களிலிருந்து மச்சை. இரத்தத்தின் தாய்க்கலம் குழாய்ச் சுவரிலிருந்து பிறக்கிறது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும்.

மச்சையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது சிறுநீரகம். அதன் சிறுகுழல்களுக்கிடையிலுள்ள கலங்கள் ஒட்சிசன் குறைவை உணர்ந்து செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெற்றினைச் சுரக்கின்றன. உயரம் ஏற ஏற இந்தத் தூண்டல் கூடும். மலையகத்தவர் கவனிக்கவேண்டிய கணக்கு இங்கே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, குருதிச்சோகையைத் தீர்மானிக்கும் ஈமோகுளோபின் எல்லையை உயரத்துக்கேற்பத் திருத்தவேண்டும்: 1,000 முதல் 1,499 மீட்டர் வரை டெசிலீற்றருக்கு 0.8 கிராம், 1,500 முதல் 1,999 வரை 1.1 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கடல்மட்டத்தில் எல்லை 12.0. ஹட்டனில் அது 12.8 ஆகிறது. 1,868 மீட்டரிலுள்ள நுவரெலியாவில் 13.1. அங்கே வாழும் ஒரு கொழுந்துத் தொழிலாளியின் அறிக்கையில் 12.4 என்று வந்து, பக்கத்தில் கொழும்பின் எல்லையே அச்சாகியிருந்தால், அவருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அவருக்குக் குருதிச்சோகை இருக்கிறது. களைப்போடு மலையேறுகிற பெண்ணுக்கு இந்த 1.1 கிராம் பெரிய விடயம்.

மச்சையில் இரும்புக் குறைவு தெரியும் விதமும் திட்டமானது. இரும்பை நீலமாகக் காட்டும் பேர்ள்ஸ் சாயத்தில் பெருந்தின்குழியங்களில் நீலத் துணிக்கைகள் இல்லை. செங்குழிய முன்னோடிகள் சிறுத்து, குழியவுருவின் ஓரம் கிழிந்ததுபோல் இருக்கும். ஆனால் எச்சரிக்கை: அமிலத்தில் கல்சியம் அகற்றிய மச்சைத் துண்டில் இரும்பும் கரைந்து போயிருக்கலாம். அதில் நீலம் இல்லை என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊசியால் உறிஞ்சிய மச்சைப் பூச்சில், துணுக்குகள் உள்ள இடத்தில் பாருங்கள். உறிஞ்சும்போதும் முதலில் வரும் 0.25 முதல் 0.5 மில்லிலீற்றர்தான் மச்சை. அதற்குமேல் இழுத்தால் குடாவுருக் குழாய் இரத்தம் கலந்து கலங்களின் விகிதத்தையே மாற்றிவிடும். இன்னொன்று, சாப்பாட்டோடு சாயத்தண்ணி (பாலில்லாத தேநீர்) குடித்தால் தேயிலையின் தனின் மரக்கறியிலுள்ள இரும்பின் உறிஞ்சலைக் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே சட்டம்தான்.

சுற்றோட்ட இரத்தப் பூச்சு எளிய வேலை என்று நினைக்கப்படுகிறது. ஈரமும் குளிரும் உள்ள மலையில் அது எளிதில்லை. ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்த இரத்தத்தை 2 மணி நேரத்துக்குள் பூசிவிடுங்கள். பிந்தினால் நடுநிலைநாடிகளில் (நியூத்திரோபில் எனும் வெண்குழியங்களில்) புன்வெற்றிடங்கள் (சிறு வெற்றுக் குமிழ்கள்) தோன்றும், செங்குழிய ஓரம் முள்முள்ளாகும். ஸ்லைட்டின் ஓர் ஓரத்தில் சிறு துளி, பூசும் கண்ணாடி 30 முதல் 45 பாகைச் சாய்வில், ஒரே சீரான தள்ளு. பூசிய உடனே கையால் ஆட்டியோ விசிறியின் முன்னோ உலர்த்துங்கள். மெதுவாக உலரும் பூச்சில் கலங்கள் சுருங்கும். இரத்தம் குறைந்தவரில் துளி நீர்த்திருக்கும், ஆகவே சாய்வைக் கூட்டி வேகமாகத் தள்ளவேண்டும்.

இரத்தப் பூச்சுக்கான லெய்ஷ்மன் சாயம் 100 மில்லிலீற்றர் மெதனோலுக்கு 0.2 கிராம். பூச்சை மூடும் அளவுக்குச் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விட்டால் மெதனோல் கலங்களைப் பதப்படுத்தும். பின்னர் அதன் இரு மடங்கு பீ.எச். 6.8 தாங்கற் கரைசலை (பீ.எச். மாறாமல் காக்கும் கரைசலை) சேர்த்து, ஊதிக் கலந்து, 8 முதல் 10 நிமிடம். பின் கழுவுங்கள். தாங்கற் கரைசலுக்குப் பதிலாகக் குழாய்நீர் ஊற்றினால் மலையகத்து மென்னீரில் எல்லாம் சிவந்து, கருக்கள் வெளிறிப்போகும். காரம் கூடினால் மறுபுறமாகச் செங்குழியமே நீலமாகும்.

மெதனோல் போத்தலைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர் 3 அல்லது 4 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டால் பதப்படுத்தல் கெட்டு, செங்குழிய நடுவில் வெள்ளைத் துளைகள் தோன்றும். அவசரக்காரர் இதை இரும்புக் குறைவு என்று எழுதிவிடுவார். நுண்குவியத்தை ஏற்றி இறக்குங்கள். பொய்த் துளையின் ஓரம் கூராக வெட்டியதுபோல் இருக்கும், குவியம் மாறும்போது பளபளக்கும். உண்மையான வெளிறல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் படிப்படியாக மங்கும், பளபளக்காது. அதோடு கலங்களின் அளவும் சிறுத்திருக்கும். மெதனோலைச் சிறு போத்தல்களில் பிரித்து இறுக்கி மூடி வைத்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. குளிரில் வரும் இன்னொரு தொல்லை, சிலரின் இரத்தத்தில் செங்குழியங்கள் திராட்சைக் கொத்துப்போல் ஒட்டிக்கொள்வது. மாதிரியை 37 பாகையில் வைத்து, சூடாக்கிய ஸ்லைட்டில் மீண்டும் பூசுங்கள். கொத்து விலகினால் அது குளிர்ப் பிறபொருளெதிரியின் வேலை.

இனிக் குழாய்ச் சுவர். உட்போர்வை, நடுப்போர்வை, வெளிப்போர்வை என்ற மூன்றும் எல்லாக் குழாயிலும் சமமாக இருப்பதில்லை. எது தடித்திருக்கிறது என்பதே பெயரைச் சொல்லும். பெருநாடியில் நடுப்போர்வை முழுவதும் மீள்தன்மைத் தகடுகள், 40 முதல் 70 வரை. தசைநாடியில் நடுப்போர்வை மழமழப்பான தசை. அதன் உள்விளிம்பில் நெளிந்த ஒரே கோடு, உள் மீள்தன்மைத் தகடு. நாடி சாகும்போது சுருங்குவதால்தான் அந்த நெளிவு. நாளத்தில் (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாயில்) வெளிப்போர்வையே தடிப்பு, சுவர் மெலிந்து மடங்கி, உட்குழி ஒழுங்கற்றிருக்கும். நுண்நாடியில் ஒன்று அல்லது இரண்டு தசை அடுக்கு. மயிர்க்குழாயில் அகவணி மட்டும். செங்குழியம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதுதான் அளவுகோல்: 7.5 மைக்ரோமீட்டர். அது தனியாளாக அடைத்து நிற்கும் குழாய் மயிர்க்குழாய். இரண்டு மூன்று பக்கம்பக்கமாகப் போகும் மெல்லிய சுவருள்ள குழாய் நுண்நாளம். வெண்குழியங்கள் அழற்சியின்போது வெளியேறுவது நாடியிலிருந்தோ மயிர்க்குழாயிலிருந்தோ அல்ல, பெரும்பாலும் இந்த நுண்நாளத்திலிருந்துதான்.

அகவணிக்குள் 1964இல் வைபலும் பலாடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்ட நீள்சிறுதுணிக்கைகள் உண்டு. வொன் வில்லிபிராண்ட் காரணி அவற்றில்தான் சேமிப்பில் இருக்கிறது. சுவர் கிழிந்ததும் அது வெளிவந்து, அடியிலுள்ள கொலாஜனில் சிறுதட்டுகளை ஒட்டவைக்கிறது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வடிவது இந்த ஒழுங்கைக் கலைப்பதால். அட்டையின் உமிழ்நீரில் த்ரொம்பினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதே சரியான வைத்தியம்.

நாடியையும் நாளத்தையும் ஹீமடொக்சிலின்–இயோசினில் மட்டும் பிரிக்கத் திணறினால் வெர்ஹோஃப்–வான் கீசன் சாயத்துக்குப் போங்கள். மீள்நார் கறுப்பு, கொலாஜன் சிவப்பு, தசை மஞ்சள். முதலில் எல்லாவற்றையும் கறுப்பாக்கி, பின்னர் 2 சதவீத பெரிக் குளோரைட்டில் அளவாக வெளுக்கும் முறை இது. நேரம் பார்த்து வெளுக்காதீர்கள். சில வினாடிக்கு ஒருமுறை நீரில் அலசி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பின்னணி சாம்பலாகி, உள் மீள்தன்மைத் தகடு கறுப்பாகத் துலங்கும்போது, இன்னும் சற்று வெளுக்கலாமே என்று தோன்றும் அந்தக் கட்டத்திலேயே நிறுத்துங்கள். அடுத்து வரும் வான் கீசனில் உள்ள பிக்கிரிக் அமிலம் மிச்சத்தைத் தானே வெளுக்கும். அதை மறந்தால் நாளத்தின் மெல்லிய மீள்நார்கள் முழுவதும் போய்விடும். கூடப் போய்விட்டதென்று தெரிந்தால், வான் கீசன் தொடுமுன் வெட்டைக் கழுவி மறுபடி வெர்ஹோஃபில் போடலாம். வான் கீசன் ஏறிய பிறகு அதற்கு வழியில்லை.